வெறுங்கண்ணால்

பிப்ரவரி 3

அக்கா,

உன் விலாசத்தை அம்மாவிடம்தான் வாங்கினேன். "சண்டை போடறதுக்குன்னா எழுதாதே, நேர்ல போய்ப் போட்டுக்கோ, ஸ்டாம்பாவது மிஞ்சும்" என்றாள். சண்டைக்கு இல்லை. நம்பு.

ஆறு வருடம் ஆயிற்று. போன் செய்யலாமென்றால் நீ என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய். ஆபீஸ் மின்னஞ்சலில் எழுதினால் என் துணை மேலாளர் படித்துவிடுவான். அதனால் காகிதம்.

நகராட்சியின் பொது வலைத் திட்டம் எங்கள் கம்பெனிக்கும் வந்தது. உன் கையெழுத்தைப் பார்க்கும் முன்பே உன் கை என்று தெரிந்துவிட்டது. ஊர் முழுக்க ஒரே ஃபைபர் வலை, அது ஊருக்குச் சொந்தம். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு தனி இழை நேராக இணைப்பறைக்கு வரும். அங்கே ஏழு இன்டர்நெட் கம்பெனிக்கும் ஏழு ரேக், ஒரே அளவு, ஒரே பூட்டு. எந்த வீட்டுக்காரர் எந்தக் கம்பெனியைக் கேட்கிறாரோ, அந்த ரேக்கில் அவர் இழையைச் செருகினால் வேலை முடிந்தது. நாம் இருவரும் சேர்ந்து தொழில் செய்த காலத்தில் நீ ரசீதுப் புத்தகத்தின் பின்னட்டையில் வரைந்து காட்டியது இதேதான். "ஏழு மாமியார் ஒரே அடுப்புல சமைக்கப் போறாளா?" என்று நான் சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை. பொறாமையாக இருந்தது. மறைக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். விதி 19.

"இணைப்பறையில் வேலை செய்ய ஒவ்வொரு கம்பெனியும் ஒரு பொறுப்பாளரை நியமிக்க வேண்டும். அவர் பன்னிரண்டு நிற இழைகளையும் நான்கு நிமிடத்துக்குள், நகராட்சி அதிகாரி முன்னிலையில், வெறுங்கண்ணால் இனம் காண வேண்டும்."

எங்கள் பொறுப்பாளர் நான்.

எனக்குப் பச்சையும் பழுப்பும் ஒன்று என்பது உனக்கும் அம்மாவுக்கும் தவிர யாருக்கும் தெரியாது. நீ செய்து கொடுத்த தீப்பெட்டி மாதிரியே ஒன்றை நானே செய்து வைத்திருக்கிறேன். மேலுறை மட்டும், ஒரு வாயில் சிவப்புக் கண்ணாடித் தாள். அதன் வழியே பார்த்தால் பச்சை கறுத்துப் போகும், பழுப்பு அவ்வளவு கறுக்காது. தூசி இருக்கிறதா என்று பார்க்கிற பாவனையில் இத்தனை வருடம் அதை வைத்தே ஓட்டிவிட்டேன். ஆறு வருடத்தில் ஒரு ஜாயிண்ட் தப்பவில்லை.

தேர்வில் தோற்றால் என் வேலை போகும். அவ்வளவுதான், சுற்றி வளைக்கவில்லை. துணை மேலாளர் இப்போதே என் நாற்காலியின் உயரத்தை மாற்றிப் பார்க்கிறான். காலையில் வந்து உட்கார்ந்தால் கால் தரையில் படுவதில்லை!!

விதியை எடு என்று கேட்கவில்லை. தேர்வு நியாயமானது. "வெறுங்கண்ணால்" என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் எடு.

தம்பி


பிப்ரவரி 6
நகராட்சி, பொது வலைப் பிரிவு

ஐயா,

தங்கள் 3ஆம் தேதிய கடிதம் நேற்று கிடைத்தது.

பங்கேற்கும் கம்பெனிகளில் ஒன்று நகராட்சிக்கு எழுதுவதை மற்ற ஆறும் படிக்க உரிமை உண்டு. வலையை ஏழு பேரும் சமமாகப் பகிரும்போது ஒருவர் மட்டும் காதோடு பேச முடியாது. எனவே பொறுப்பாளர்கள் இப்பிரிவின் அதிகாரிக்கு எந்த முகவரியில் எழுதினாலும், அது ஏழு வேலை நாட்களுக்குப் பின் வாசிப்பறைக் கோப்பில் வைக்கப்படும். தங்கள் கடிதத்துக்கு அந்த நாள் 16.

அதற்கு முன் எழுத்து மூலம் கடிதத்தைத் திரும்பப் பெறலாம். திரும்பப் பெற்றால் கோரிக்கையும் தள்ளுபடியாகும்.

வாசிப்பறை வேலை நாட்களில் காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை திறந்திருக்கும். மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை மூடப்படும்.

வலை வடிவமைப்பாளர்

(கையால்) இன்னும் இரண்டு ஆச்சரியக்குறிதான் போடுகிறாய்.


பிப்ரவரி 9

அக்கா,

"ஐயா"வா? உன் மூக்கைத் துடைத்துவிட்டவன் இல்லை நான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் மூக்கைத் துடைத்துவிட்டவள் நீ.

இது மிரட்டல். அழகான தாளில், முத்திரையோடு, மதிய இடைவேளை நேரத்தோடு. என் கடிதம் கோப்புக்குப் போனால் ஆறு கம்பெனிக்காரர்களும் பத்து மணிக்கே வரிசையில் நின்று படிப்பார்கள். ஏழாவதாக என் துணை மேலாளர் நிற்பான், சீப்பால் தலை வாரிக்கொண்டு. தேர்வே தேவைப்படாது.

திரும்பப் பெற்றால்? தேர்வு இருக்கிறது. வெறுங்கண் இருக்கிறது. ஒரு குழியிலிருந்து எழுந்தால் அடுத்த குழி. நல்ல வடிவமைப்பு. நீ எப்போதும் இரண்டு பாதை போடுவாய், ஒன்று அறுந்தால் இன்னொன்று வேலை செய்யும் என்று.

மற்ற ஆறு பேரையும் விசாரித்துவிட்டேன். எல்லாருக்கும் பச்சை பச்சையாகத் தெரிகிறது. அப்படியானால் அந்தச் சொல் யாருக்காக? மூன்று வருடம் உட்கார்ந்து ஊருக்கே நியாயமாக ஒரு வலை வரைந்திருக்கிறாய். நானூறு கிலோமீட்டர் கேபிள், பதினொரு இணைப்பறை. அதற்குள் என் ஒருவன் அளவுக்கு ஒரு பொறி. ஊரையே தோண்டி என் காலடிக்கு வந்திருக்கிறாய்.

என்ன வேண்டும் உனக்கு? நேராகச் சொல்.

தம்பி


பிப்ரவரி 11

தம்பி,

இது வீட்டுத் தாள். சமையலறை மேஜையில் எழுதுகிறேன். கோப்புக்குப் போகாது.

நேராகச் சொல்கிறேன்.

நம் கடைசி வேலை பம்பு நிலையம். மேட்டுத் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் என்று ஒரு இழை சொல்லும். பள்ளத் தொட்டியில் எவ்வளவு என்று இன்னொரு இழை சொல்லும். ஒன்று பச்சை, ஒன்று பழுப்பு. அன்று நான் கிடங்கில் இருந்தேன், நீ தனியாகப் போய் ஜாயிண்ட் போட்டாய். இரண்டையும் மாற்றிப் போட்டாய். பம்புக்காரர் திரையில் "பள்ளத் தொட்டி பாதி" என்று பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் பார்த்தது மேட்டுத் தொட்டியை. பள்ளத் தொட்டி காலை எட்டிலிருந்து பதினொன்றரை வரை வழிந்தது. கீழ்த் தெருவில் முப்பத்தோரு வீடு. ஒரு வீட்டில் தொட்டிலுக்கு அடியில் தண்ணீர் ஓடியது. குழந்தை தூங்கிக்கொண்டே இருந்தது. அந்தத் தாய் அதைப் பற்றி என்னிடம் கத்தவில்லை. திரும்பத் திரும்ப அதையே சொல்லிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

விசாரணையில் "ஜாயிண்ட் போட்டது யார்?" என்று கேட்டார்கள். நீ தரையைப் பார்த்தாய். நான் கையெழுத்துப் போட்டேன். என் உரிமம் மூன்று வருடம் நிறுத்தப்பட்டது.

அந்த மூன்று வருடம் ஜெராக்ஸ் கடையில் நின்றேன். மற்றவர்களின் வரைபடங்களைப் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் கொடுத்தேன். சில சமயம் தப்பு கண்ணில் படும். சொல்லமாட்டேன். ஜெராக்ஸ்காரி சொன்னால் யார் கேட்பார்கள்?

நீ மறு மாதமே பெரிய கம்பெனியில் சேர்ந்தாய். அதற்கடுத்த மாதம் கீழ்த் தெருவில் வீடு வீடாக ஒரு துண்டுத்தாள் வந்தது. வீடுகளுக்குப் போகும் முன் ஜெராக்ஸுக்கு என்னிடம்தான் வந்தது. ஐந்நூறு பிரதி. "உங்கள் வீட்டை மூழ்கடித்தவர்களிடமிருந்து உங்களுக்கு விடுதலை!!" இரண்டு ஆச்சரியக்குறி. ஐந்நூறையும் நானே எண்ணி, கட்டு கட்டிக் கொடுத்தேன்.

ஆகவே, ஆமாம். அந்தச் சொல் உனக்காகத்தான்.

வலையும் பாதி உனக்காகத்தான். ஒரு வாடிக்கையாளர் கம்பெனி மாற வேண்டுமென்றால் இப்போது உங்களிடம் கெஞ்ச வேண்டும், ஆள் வந்து சுவரைத் துளைக்க வேண்டும், இரண்டு வாரம் ஆகும். இனிமேல் இணைப்பறையில் அவருடைய மஞ்சள் கேபிளை உன் ரேக்கிலிருந்து பிடுங்கி அடுத்த ரேக்கில் செருகினால் போதும். ஒரு நிமிடம். கடிகாரம் வைத்துப் பார்த்தேன், நாற்பத்தெட்டு நொடி. அதைப் பார்த்துக்கொண்டே எத்தனை முறை பிடுங்கிச் செருகினேன் என்று சொல்லமாட்டேன்.

எனக்கு வேண்டியது: கோப்புக்கு ஒரு கடிதம். பம்பு நிலைய ஜாயிண்ட் போட்டது நீ என்று உன் கையால். அது வந்தால் உன் முதல் கடிதத்தைத் திருப்பித் தருகிறேன். வெறுங்கண்ணைப் பற்றி யோசிக்கிறேன். யோசிக்கிறேன் என்றுதான் சொல்கிறேன்.

அக்கா


பிப்ரவரி 12

அக்கா,

உன் கடிதம் கோப்புக்குப் போகாது, என் கடிதம் போகும். ஏழு பேருக்கும் சமம். எட்டாவது ஆளுக்கு மட்டும் விதி இல்லை போலிருக்கிறது.

முதல் கடிதத்தை நான் திரும்பப் பெறவில்லை. 16ஆம் தேதி அதை வை. கூடவே இதையும் வை. கீழே எழுதியிருப்பது கோப்புக்கு. அதற்கும் கீழே இருப்பது உனக்கு.

*

கோப்புக்கு.

எனக்குப் பிறவியிலிருந்தே பச்சையும் பழுப்பும் வேறுபடுவதில்லை. இதைக் கம்பெனியிடம் மறைத்தேன். ஆறு ஆண்டுகளுக்கு முன் பம்பு நிலையத்தில் இழைகளை மாற்றி இணைத்தவன் நான். என் அக்கா அல்ல. நிறம் தெரியவில்லை என்று தெரிந்ததும் வேலையை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அனுமானித்து இணைத்தேன். துண்டுத்தாளின் வாசகமும் என்னுடையதே. இக்கடிதத்தின் பிரதியை இன்று காலை என் மேலதிகாரியிடம் கொடுத்துவிட்டேன்.

*

உனக்கு.

மேலதிகாரி படித்துவிட்டு, "உங்க டை என்ன கலர்னு தெரியுமா?" என்று கேட்டார். எல்லாரும் முதலில் அதைத்தான் கேட்பார்களாம். திங்கட்கிழமை முடிவு சொல்கிறாராம். நாற்காலியை நானே துணை மேலாளரின் உயரத்துக்கு ஏற்றி வைத்துவிட்டு வந்தேன்.

நீ கேட்டது முழுதாகக் கிடைத்துவிட்டது. இனி உன் கையில் என்னை மிரட்ட ஒன்றும் இல்லை. அதுதான் எனக்கு வேண்டியது.

அன்று காலையில் தீப்பெட்டி எங்கே இருந்தது என்று மட்டும் நான் எழுதவில்லை. அந்த வரிக்கு இடம் விட்டிருக்கிறேன். பார்த்தாயானால் தெரியும், "தெரிந்ததும்" என்ற சொல்லுக்கு முன்னால். அதை எழுத வேண்டியவன் நான் இல்லை.

தம்பி


பிப்ரவரி 13

எப்போதிலிருந்து தெரியும்?


பிப்ரவரி 14

அக்கா,

விசாரணை நாளிலிருந்து.

பம்பு நிலைய வேலைக்கு முதல் நாள் சாயங்காலத்தைச் சொன்னால்தான் இது புரியும். கிடங்கில் சண்டை. பெரிய கம்பெனியில் என்னைக் கூப்பிடுகிறார்கள் என்றேன். நீ கேபிள் சுற்றிக்கொண்டே இருந்தாய். கடைசியில், "அங்க யாரு உனக்குத் தீப்பெட்டி செஞ்சு தருவாங்க?" என்றாய். சுமை இறக்கிய ஆட்கள் இருவர் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் சொன்னாய். அவர்களுக்குப் புரிந்திருக்காது. எனக்குப் புரிந்தது. "உன் தீப்பெட்டி இல்லாமலேயே நான் பிழைச்சுக்குவேன் போ" என்றேன்.

மறுநாள் பம்பு நிலையத்தில் கருவிப் பையைத் திறந்தேன். இல்லை. பையைக் கவிழ்த்துத் தேடினேன். பம்புக்காரர், "என்னங்க, பீடிக்கு நெருப்பா? எங்கிட்ட லைட்டர் இருக்கு" என்றார். உனக்குப் போன் செய்திருக்கலாம். எண்ணைக்கூடத் தட்டினேன். "பிழைச்சுக்குவேன்" என்று சொல்லிப் பதினைந்து மணி நேரம்கூட ஆகவில்லை. வைத்துவிட்டேன். இரண்டு இழையையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே சேறு.

எங்கேயோ விழுந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். விசாரணை அறையில் தாளை உன் முன் வைத்தார்கள். "என் பையிலேர்ந்து பேனா எடுத்துக் கொடு" என்றாய். எடுத்தேன். பேனாவுக்குப் பக்கத்தில் தீப்பெட்டி.

நீ என்னைக் காப்பாற்றக் கையெழுத்துப் போடுகிறாய் என்று அந்த அறையில் எல்லாரும் நினைத்தார்கள், வெளியே காத்திருந்த அம்மாவும்தான். நான்தான் பேனாவைக் கொடுத்தவன். நீ உனக்காகத்தான் கையெழுத்துப் போட்டாய். அன்றிலிருந்தே தியாகி மாதிரி நடந்தாய். அந்த நடையைப் பார்க்கப் பார்க்கத்தான் அந்தத் துண்டுத்தாளை எழுதினேன். "மூழ்கடித்தவர்கள்" என்று பன்மையில்தான் எழுதினேன். நீ கவனிக்கவில்லை.

விசாரணையில் சொல்லியிருந்தால் நீ மாட்டியிருப்பாய். துண்டுத்தாளில் போட்டிருந்தால் முடிந்திருப்பாய். 3ஆம் தேதிக் கடிதத்தில் எழுதியிருந்தால் நீ அந்த முத்திரைத் தாளை அனுப்பியிருக்கமாட்டாய். எங்கேயும் சொல்லவில்லை. அன்பினால் என்று நினைத்துக்கொள்ளாதே. நான் சொன்னால் உனக்கு அது ஒரு நாள் வலி. சொல்லாவிட்டால் அது உன்னோடேயே இருக்கும், யாரிடமும் கொடுக்க முடியாமல்.

நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

தம்பி


பிப்ரவரி 16
நகராட்சி, பொது வலைப் பிரிவு

பங்கேற்கும் ஏழு கம்பெனிகளுக்கும்,

விதி 19இல் "வெறுங்கண்ணால்" என்ற சொல் இன்றுமுதல் நீக்கப்படுகிறது. நிறத் தேர்வு தொடரும். ஒருவர் தவறாகத் தொட்டால் மற்ற ஆறு பேரின் வாடிக்கையாளர்களும் இருட்டில் நிற்பார்கள் என்பதால் அது அவசியம். நிறம் பிரிக்கத் துணைக் கருவி வைத்திருப்பவர், அதை அதிகாரியிடம் காட்டிவிட்டுப் பயன்படுத்தலாம்.

நீக்கப்பட்ட சொல் தொழில் காரணத்துக்காகச் சேர்க்கப்பட்டதல்ல. ஒரே ஒருவரை வெளியேற்றச் சேர்க்கப்பட்டது. சேர்த்தவள் நான்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் பம்பு நிலைய இழைகளைத் தவறாக இணைத்தவர் அவர். அவர் நிறம் பார்க்கும் தீப்பெட்டியை முந்தின மாலை கருவிப் பையிலிருந்து எடுத்தவள் நான். தவறுதலாக எடுக்கவில்லை. மறுநாள் எந்த வேலை, எந்த நிறங்கள் என்று தெரிந்தே எடுத்தேன். அவர் தடுமாறி எனக்குப் போன் செய்வார், நான் போய்க் காப்பாற்றுவேன் என்று எதிர்பார்த்தேன். காலை முழுவதும் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். ஒரு முறை அடித்து நின்றது. நான் திருப்பி அழைக்கவில்லை. இன்னொரு முறை அடிக்கட்டும் என்று இருந்தேன்.

கீழ்த் தெருவில் அப்போது தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

விசாரணையில் நான் கையெழுத்திட்டது பொய். இதை ஆணையரிடம் இன்று எழுத்து மூலம் கொடுத்திருக்கிறேன். அவர் முடிவு சொல்லும்வரை நான் எந்த இணைப்பறைக்குள்ளும் போகமாட்டேன். தேர்வை என் உதவியாளர் நடத்துவார். வலையின் மற்ற விதிகள் அப்படியே இருக்கும். அவற்றில் பழுது இல்லை, யாரை வேண்டுமானாலும் கூப்பிட்டுச் சோதித்துக்கொள்ளுங்கள்.

3, 6, 9, 11, 12, 13, 14 தேதிகளிட்ட கடிதங்கள் வரிசைப்படி கோப்பில் வைக்கப்பட்டுள்ளன. வீட்டுத் தாளில் எழுதியதும் அதில் சேரும்.

இணைப்பு: தீப்பெட்டி மேலுறை ஒன்று, சிவப்புத் தாளுடன்.

வலை வடிவமைப்பாளர்

(கையால், ஒரு பிரதியில் மட்டும்)

தம்பி,

எனக்கு இது ஒரு நாள் வலி ஆகாது. உன் திட்டத்தில் பழுது அங்கே இருக்கிறது. ஆனால் இனி இது என்னோடு மட்டும் இருக்காது. அதை உன்னிடமிருந்து பிடுங்கிவிட்டேன்.

அம்மாவுக்கு நேற்று நானே போய்ச் சொன்னேன். துணி மடித்துக்கொண்டே கேட்டாள். "ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு அறை விட்டிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும்" என்றாள். பிறகு என் பக்கம் பார்க்கவே இல்லை. உன்னிடமும் இனி அப்படித்தான் இருப்பாள், தயாராக இரு.

உன் மேலதிகாரி உன்னை வைத்துக்கொண்டால் தேர்வுக்கு வா. தேறுவாய். தேறிய பிறகும் மஞ்சள் கேபிள் நாற்பத்தெட்டு நொடியில் உன் ரேக்கை விட்டுப் போகும். அதை நான் பார்க்க வேண்டும் என்பதுகூட இல்லை.

பழைய தீப்பெட்டியைக் கேட்காதே. அது இப்போது பொதுவில் இருக்கிறது. பார்க்க வேண்டுமென்றால் மற்ற ஆறு பேரோடும் வரிசையில் நில். காலை பத்திலிருந்து ஐந்து வரை. ஒன்றிலிருந்து இரண்டு மூடியிருக்கும்.